நாலுகண் மதகில் நிற்கும் வண்டி

மயிலாடுதுறை
9 ஜூன் 2025

திரு. இளவழகன் அவர்களுக்கு,

போனில் பேசினால் இருவருமே பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். பதில் சொல்வதாக இருந்தால் நீங்களும் எழுதியே அனுப்புங்கள்.

விஷயம் இதுதான். போன ஐப்பசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊர் ஐடிஐக்கு வந்தபோது இரண்டு பெட்டிகளோடு வந்தேன். இத்தனை நாளும் மாடியில் ஒற்றை அறையில் காலம் தள்ளியாயிற்று. இப்போது வீட்டுச் சொந்தக்காரர் செபஸ்தியம்மாள் டீச்சர் கீழ்ப்பகுதியை எனக்கு விட்டிருக்கிறார். பக்கவாட்டில் ஓடு போட்ட கார் ஷெட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் அப்பாவின் மாரிஸ் மைனர்தான் ஞாபகம் வந்தது. கல்யாணச் சீரில் வந்த வண்டி என்று உங்கள் ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். சீரில் வரவில்லை. அப்பா போனபிறகு நானே ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் நிறுத்திய வண்டி அது.

ஆடி பிறந்துவிட்டால் எதையும் இடம் மாற்றக் கூடாது என்பது உங்கள் அம்மாவின் சட்டம். அதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை. அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். நாம் சந்திக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பேன்.

பேட்டரியைச் சார்ஜ் போட்டு மாட்டுங்கள். இந்த வண்டிக்கு ப்ளஸ் ஒயரைத்தான் பாடியில் கொடுக்க வேண்டும். டிராக்டர் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.

வானதி


மேலக்கரைச்சேரி
24 ஜூன் 2025

வானதிக்கு,

உறையில் 'திரு.' என்று பார்த்ததும் மின்வாரியத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் உட்கார்ந்தேன்.

தாமதத்துக்குக் காரணம் தண்ணீர். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சருகும் நுரையுமாக ஒரு நாக்கு மட்டும் வந்தது. நான் வரப்பில் அதன்கூடவே நடந்தேன். அது நின்றால் நானும் நின்றேன். இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியதில்லைதான். எழுதிவிட்டேன்.

வண்டியை எடுத்தேன். நீ சொன்னபடி ப்ளஸ்ஸைப் பாடியில் கொடுத்தபோது நம் டிராக்டர் ஓட்டுகிற வீரையன் சண்டைக்கே வந்துவிட்டான். "அண்ணே, தப்பா மாட்டுறீங்க, எல்லாம் எரிஞ்சு போயிடும்" என்றான். ஒன்றும் எரியவில்லை. முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு நாலைந்து சுற்றுச் சுற்றியதும் இருமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நீதான் வந்துவிட்டாயென்று நினைத்தாளாம். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

இனிமேல் எழுதப்போவதை நீ நம்ப மாட்டாய். வண்டி நாலுகண் மதகு வரைக்கும் போகிறது. அங்கே போனதும் நின்றுவிடுகிறது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. எடுத்த தடவையெல்லாம் அதே கதைதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைப் போட்டால் எழுந்துகொள்கிறது. வீட்டுப் பக்கம் திருப்பினால் ஒழுங்காக வாசல்வரை வந்து சேர்ந்துவிடுகிறது.

நேற்று நின்றபோது இரண்டு கதவையும் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதகில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. நடவுக்குச் சேறடித்த வயல் முழுக்கத் தண்ணீர். அதில் நம் பச்சை வண்டி தலைகீழாக நின்றது. மேகம் அதன் சக்கரத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. எப்போது கண் அசந்தேனோ, பக்கத்து சீட்டில் நீ உட்கார்ந்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "இப்ப தெரியுதா?" என்று கேட்டாய். என்ன தெரிகிறதா என்று கேட்பதற்குள் விழித்துவிட்டேன். கண்ணாடியில் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

இளவழகன்


மயிலாடுதுறை
27 ஜூன் 2025

இளவழகன் அவர்களுக்கு,

வீட்டுப் பக்கம் திருப்பினால் ஓடுமாம், என் பக்கம் திருப்பினால் நிற்குமாம். என் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் இதைச் சொன்னால் சிரித்தே ஒரு பீரியடை ஓட்டிவிடுவார்கள். வண்டியைத் தர மனமில்லை என்றால் அதையே எழுதுங்கள். அது எனக்குப் புரியும். இந்த மதகுக் கதை புரியவில்லை.

இருந்தாலும் பதினோரு வருஷம் உங்களோடு இருந்ததில் ஒன்று தெரியும். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாமல் இருக்கத்தான் வரும். அதனால் உண்மை என்றே வைத்துக்கொண்டு கேட்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

நிற்கும்போது விளக்கை அணைத்ததுபோலப் பட்டென்று நிற்கிறதா, அல்லது குலுங்கிக் குலுங்கி, மூச்சு முட்டி நிற்கிறதா? பட்டென்று நின்றால் கரண்ட் கோளாறு. முட்டி நின்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. நின்ற உடனே ஒரு ப்ளக்கைக் கழற்றி அதன் நுனி எந்த நிறத்தில் இருக்கிறது, ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணியைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் வெயில் குற்றவாளி இல்லை.

சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். நின்ற பிறகு எப்படி அடிக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

டாங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். மூடியையும் பாருங்கள்.

கார்புரேட்டரில் நீங்கள் கை வைக்க வேண்டாம். பாபநாசத்தில் குழந்தைராஜ் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள்.

வானதி

தண்ணீர் எந்த மட்டும் வந்திருக்கிறது? மேலக்கட்டு வயலுக்கு ஏறியதா? சும்மா கேட்டேன்.


மேலக்கரைச்சேரி
4 ஜூலை 2025

வானதிக்கு,

மேலக்கட்டுக்கு ஏறிவிட்டது. நடவும் நடந்துகொண்டிருக்கிறது. நீ சும்மா கேட்டதற்கு முதல் பதில்.

வண்டி பட்டென்று நிற்கவில்லை. மதகுக்கு முன்னால் வருகிற வளைவில் குலுங்க ஆரம்பிக்கிறது. ஒரு பேச்சைத் தொடங்கிவிட்டு வார்த்தை கிடைக்காமல் தவிக்கிற ஆள் மாதிரி விட்டுவிட்டு இழுக்கிறது. அப்புறம் பேச்சே இல்லை. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். நுனி காய்ந்துபோய் வெளுப்பாக இருந்தது. பெட்ரோல் வாசனையே இல்லை.

ஈரத்துணி வைத்தியமும் ஆயிற்று. என் துண்டையே மதகில் நனைத்து பம்ப்பின் மேல் சுற்றிக்கொண்டு நின்றேன். நடவு வயலில் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். "என்னங்க, காருக்குக் காய்ச்சலா? பத்துப் போடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த நாள் துண்டு சுற்றியே ஓட்டினேன். அதே இடத்தில்தான் நின்றது. வெயில் குற்றவாளி இல்லை.

பம்ப்பைப் பற்றி ஒரு கூத்து. வண்டி நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று எழுதப்போவதில்லை. நினைத்த உடனே பல்லி சொன்னது. டிக், டிக் என்று நிதானமாகச் சொன்னது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வண்டிக்குள் எங்கே பல்லி என்று தேடினால், சாவியை எடுக்க மறந்திருக்கிறேன். அடித்தது உன் பம்ப். வழக்கமாகப் படபடவென்று அடித்து நிற்கும் அல்லவா? நின்றபிறகு அப்படி இல்லை. மெதுவாக, ரொம்பச் சிரமப்பட்டு அடிக்கிறது. பிறகு ஓய்ந்துவிடுகிறது.

குழந்தைராஜ் வந்தார். கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி மாட்டினார். "சுத்தமா இருக்குங்க, இனிமே சிதம்பரமே போவலாம்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மதகில் இறங்கினார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "தங்கச்சியையே கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை, வானதி. வண்டியைத் தர மனமில்லை என்பதும் உண்மைதான். இரண்டும் வேறு வேறு.

இளவழகன்


மயிலாடுதுறை
8 ஜூலை 2025

இளவழகனுக்கு,

குழந்தைராஜ் அண்ணனை நடக்கவிட்ட பாவம் உங்களைச் சும்மா விடாது.

இப்போது எனக்குக் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் வழிந்துவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். காற்று உள்ளே போக வழி வேண்டும். பெட்ரோல் டாங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பம்ப் இழுத்து இழுத்துப் பார்க்கும், டாங்க் விடாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எங்கிருந்தாவது துளித் துளியாகக் காற்று கசிந்து உள்ளே போகும். வண்டி மறுபடி ஓடும். நம் வீட்டிலிருந்து மதகுவரைக்கும் ஓடுகிற ஓட்டம்தான் அதன் தாக்குப்பிடிக்கிற அளவு. மதகுக்கும் அதற்கும் வேறு சொந்தம் ஒன்றுமில்லை.

அடுத்த தடவை நின்றதும் இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திருகுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் நான் சொன்னது சரி.

இன்னொன்று. நான் கேட்டதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, நடவுப் பெண்களின் கேலி உட்பட. மூடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பெட்ரோல் ஊற்றும்போது அதைத் திறந்துதானே ஊற்றியிருப்பீர்கள்? நீங்கள் எதை எழுதுகிறீர்கள் என்பதைவிட எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் செய்தி. அங்கே என்ன இருக்கிறது?

மதகில் நான் முந்தானையால் கண்ணாடி துடைத்ததாக எழுதியிருந்தீர்கள். நான் எந்தக் காலத்தில் முந்தானையால் துடைத்தேன்? டாஷ்போர்டுக்குள் அதற்கென்று மஞ்சள் துணி வைத்திருப்பேன். கனவில் வருகிறவள் நான்தானா என்று சரியாகப் பாருங்கள்.

இங்கே காவிரி பாலம் தொட்டு ஓடுகிறது. சாயங்காலம் பாலத்தில் நின்றால் உங்கள் மதகைத் தாண்டி வந்த தண்ணீராக இருக்குமோ என்று தோன்றுகிறது. இருக்காது, அது வேறு ஆறு. தெரிந்தேதான் நிற்கிறேன்.

வானதி


மேலக்கரைச்சேரி
14 ஜூலை 2025

வானதிக்கு,

மூடியைத் திருகினேன். உஸ்ஸென்றது. நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல இருந்தது. உடனே சாவியைப் போட்டேன், பம்ப் படபடவென்று அடித்தது. மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கும்பகோணம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். எங்கும் நிற்கவில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி.

மூடியில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். குளவிக்கூடு இருக்கிறது.

அந்தச் சொல்லை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் விட்டுவிட்டேன்.

தண்ணீர் வந்த மறுநாள் வண்டியைத் துடைக்கலாமென்று ஷெட்டுக்குள் போனேன். ஒரு குளவி வாய்க்கால் ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து மூடியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டுப் போகும், வரும். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் ஒரு ரீங்காரம். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து பக்கவாட்டில் நிழலாகக் கட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் மூடியின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகினேன். கூட்டில் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை வரும் என்று நம் பக்கம் யார்தான் சொல்லவில்லை? போன வருஷம் நம் அறை ஜன்னலில் கட்டியதைக் காட்டி அம்மாவும் சொன்னாள், இந்தத் தடவை தங்கிவிடும் என்று. இரண்டாவது தடவையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீ துடைப்பக்கட்டையை எடுத்து ஜன்னலில் இருந்ததை உடைத்துப் போட்டாய். அதற்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும்.

நீயே இல்லாத வீட்டில் இந்தக் கூடு யாருக்காக என்று எனக்கும் அறிவு சொல்லத்தான் செய்கிறது. ஆனால் கை வரவில்லை. ஒரு கூட்டைக் காப்பாற்றிக்கொண்டு, உன் வண்டியை உனக்குத் தராமல் மதகில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். வண்டி உன்னுடையது. ஆடி பிறக்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுது. உடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இளவழகன்


மயிலாடுதுறை
17 ஜூலை 2025

உடைக்காதீர்கள்.

முதலில் இதை எழுதிவிட்டுத்தான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். மறுபடி வந்து உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

சென்னையில் பழைய கார்ச் சாமான் வைத்திருப்பவரிடம் வேறு மூடி கேட்டிருக்கிறேன். கூரியரில் உங்களுக்கே வரும். அதை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பழைய மூடியைக் கழற்றிக் குலுக்காமல் ஓரிடத்தில் வையுங்கள். கூட்டில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் உள்ளே இருந்தது வளர்ந்து பறந்துவிட்டது என்று அர்த்தம். விழாவிட்டால் இன்னும் உள்ளே இருக்கிறது.

இப்போது நானும் ஒன்று கேட்கிறேன். இத்தனை மாதமாகக் கேட்காதது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். கை வீங்கியிருந்தது, நடந்தால் வயிறு இழுத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். எல்லாரும் போனபிறகு அதை உடைத்தேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியில் வரும்போது பேசவில்லை. நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அத ஏன் ஒடச்ச?" என்பதுதான். எனக்கு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மண்கூட்டைப் பற்றிக் கேட்டீர்கள்.

நான் மாற்றலுக்கு எழுதிப்போட்டது அந்தக் கேள்விக்காகத்தான். உங்கள் அம்மாவுக்காக இல்லை, ஊர்ப் பேச்சுக்காகவும் இல்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்று ஆடி பிறந்துவிட்டது. உங்கள் அம்மாவின் சட்டப்படி இனி ஒரு மாதத்துக்கு வண்டி நகரக் கூடாது. நகர்த்துவதும் நகர்த்தாததும் உங்கள் இஷ்டம்.

வானதி


மயிலாடுதுறை, உன் வீட்டு ஷெட்டில்
25 ஜூலை 2025

வானதி,

நாம் சந்திக்க வேண்டிய அவசியமில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் நீ ஐடிஐயில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். டீச்சர் மோர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மஞ்சள் துணியும் கண்ணில் பட்டது.

புது மூடி சரியாகப் பொருந்தியது. அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், ஆடியில் எடுத்துக்கொண்டு போகலாமா என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "கொண்டுபோயி விடு. ஆடியில எடம் மாத்துனது அங்க தரிச்சு நிக்காதுடா" என்றாள். எந்த நினைப்பில் சொன்னாளோ.

நாலுகண் மதகைத் தாண்டினேன். வழக்கமாக நிற்கிற வளைவு வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எடுக்கவில்லை. வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் தாண்டியது. மதகுத் தண்ணீர் பின்னால் இரைந்துகொண்டே இருந்தது. பாபநாசம் போகும்வரை அது காதில் கேட்டது, நிஜமாகக் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. கும்பகோணத்தில் திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து இண்டிகேட்டர் கை பக்கவாட்டில் நீண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பதிலுக்குக் கை காட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பச்சைதான். பாதி தூக்கத்தில் ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு வந்தேன். இறங்கினால் முடிந்துவிடுமே என்று மெதுவாகவே வந்தேன்.

பதில் எழுதக் கட்டாயமில்லை என்றாய். எழுதுகிறேன். அன்று நான் கேட்டது கூட்டைப் பற்றி இல்லை, வானதி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு துணிப்பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அதை ஆற்றங்கரையில் குழி தோண்டி வைத்துவிட்டு வந்தவன் நான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் தரையில் மண் கிடந்தது. வாயைத் திறந்தேன், அந்தக் கேள்வி வந்துவிட்டது. உனக்கு வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கும் வலித்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் மண்ணிடம் சொல்லிவிட்டேன்.

பழைய மூடியை என் துண்டில் சுற்றிப் பின் சீட்டில் வைத்திருக்கிறேன். அதுவும் உன் வண்டியைச் சேர்ந்தது. ஓட்டை விழுந்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. நீ பார்த்துக்கொள்.

ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறேன். சாவி டீச்சரிடம்.

இளவழகன்


நாலுகண் மதகு
ஆடிப்பெருக்கு, 3 ஆகஸ்ட் 2025

என்னங்க,

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து துண்டைப் பிரித்தேன். கூடு முழுசாக இருந்தது, ஓட்டை இல்லை. ஜன்னலில் வைத்தேன். இந்தத் தடவை நானே என் ஜன்னலில் வைத்தேன்.

நேற்றுக் காலை காபி போட்டுக்கொண்டு வந்தபோது கூட்டில் ஓட்டை விழுந்திருந்தது. அது ஜன்னல் கம்பியில் நின்று சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. பிறகு டீச்சரின் முருங்கை மரத்தைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்தத் துணிப்பொட்டலத்துக்காகவும் நீங்கள் தனியாக ஆற்றங்கரைக்குப் போனதற்காகவும் சேர்த்து அழுதேன். டீச்சர் ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார்.

நமக்குக் குழந்தை வருமா வராதா என்று குளவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வண்டி வந்தால் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பேன் என்று எழுதியிருந்தேன். ஷெட்டில் வண்டி நிற்கிறது, நிம்மதியை மட்டும் காணோம். அந்த வீட்டில் என்னுடையது வண்டி மட்டும்தான் என்று எழுதியதும் தப்பு.

இன்று காலை வண்டியை எடுத்தேன். பாபநாசம்வரை புது மூடியோடு ஓட்டினேன். அங்கே இறங்கி, காலிக் கூடு ஒட்டியிருக்கிற பழைய மூடியை மறுபடி போட்டேன். கூட்டின் அடிமண் இன்னும் மூடியின் ஓட்டையை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் போட்டேன். ஐடிஐயில் பாடம் எடுக்கிறவளின் கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. மதகுக்கு முன்னாலேயே, வயல் நடுவில் நின்றுவிட்டது. ஆற்றுக்குக் காப்பரிசியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பத்துப் போட்டும் காய்ச்சல் எறங்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள். மதகுக்கு நேராக வந்ததும் போதும், விடுங்கள் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பரிசி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீரையன் டிராக்டரில் வந்தார். "கயிறு போட்டு இழுத்துட்டுப் போயிடவா அண்ணி?" என்று கேட்டார். வேண்டாம், இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று சொல்லி, அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு மடியில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு கதவையும் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் இரைகிறது. நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. நட்ட பயிர் வளர்ந்துவிட்டதால் வண்டி தலைகீழாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நாளைக் காலை நான் வேலைக்குப் போக வேண்டும். அறுபது கிலோமீட்டர்கூட இல்லை, வண்டி நன்றாக ஓடுகிறது. தினமும் போய்வர முடியுமா என்று பார்க்க வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு வண்டி மதகைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்து பாருங்கள். ஸ்பேனர் வேண்டாம், கயிறு வேண்டாம், புது மூடி என் பையில்தான் இருக்கிறது. வரும்போது ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கொண்டு வாருங்கள். ரேடியேட்டருக்கு இல்லை. எனக்குத்தான்.

வானதி